முருங்கைக்கு வந்த இரண்டு நோட்டீஸ்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முசரவாக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலம் வீட்டுச் சாப்பாட்டுக்கே பற்றாது. சைக்கிளில் பட்டு நூல் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாயப் பட்டறைக்கும் தறி வீடுகளுக்கும் அலைந்துதான் பிழைப்பைத் தொடங்கினேன். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகிற வேன்களில் பாதி என்னுடையவை. பெருமை பேசுகிறான் என்பார்கள். உழைத்துச் சம்பாதித்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது.

வண்டி தெரிந்ததால் முன்னுக்கு வந்தேன் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, எனக்கு ஆபீஸ் தெரியும். எந்த மேசைக்குப் போனால் காகிதம் தூங்கிவிடும், எந்த மேசையில் விழித்துக்கொள்ளும், யாரிடம் பிள்ளையின் படிப்பை விசாரிக்க வேண்டும், யார் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாலே வேலை முடியும், எல்லாம் அத்துபடி. முதல் தடவை போனால் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட வேண்டும். விஷயத்தை இரண்டாம் தடவைதான் எடுக்க வேண்டும். செவிலிமேட்டில் எங்கள் தெருவில் பட்டா மாற்ற வேண்டுமா, மீட்டர் வாங்க வேண்டுமா, என் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. அவரால்தான் ஆச்சு என்று சொன்னால் போதும், எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒரு சமயம் வாலாஜாபாத் போகிற சாலையில் என் வேன் ஷெட்டுக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தை, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வெட்ட வந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியைச் சுற்றி, ஒரு சூலத்தை நட்டு வைத்தேன். காலையில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் சாலை கொஞ்சம் நெளிந்துதான் போகும்.

இப்படிப்பட்ட என்னை என் மகன் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டான். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். வந்து கூடவே இருங்கள் என்றான். என் மனைவிக்கு அரை மனசு. "ஒரு வருஷம் பாக்கறேன். புடிக்கலன்னா என்னை ஊருக்கு அனுப்பிச்சுடணும், ஒரு பேச்சும் பேசக்கூடாது" என்று மகனிடமும் என்னிடமும் தனித்தனியாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

போன மறுவாரம், தங்குவதற்கான அட்டை வாங்க ஆபீசுக்குப் போனோம். நான் ஆயத்தமாகத்தான் போனேன். பையில் எல்லாக் காகிதத்துக்கும் நகல், நகலுக்கு நகல், இருவருக்கும் புளிசாதம். உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார இடம் பார்ப்பதற்குள் எங்கள் எண் வந்துவிட்டது. அங்கிருந்த பெண் ஒரு காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். விரலை வை என்றாள், வைத்தேன். முடிந்தது, போகலாம் என்றாள். புளிசாதத்தை வெளியே ஒரு மர நிழலில் உட்கார்ந்து, பசிக்காமலே சாப்பிட்டோம்.

"இவ்ளோதானா?" என்றாள் மனைவி.

"இரு, ஏதாவது கேட்டு ஆள் அனுப்புவாங்க" என்றேன். ஒருவரும் வரவில்லை. அட்டைதான் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இதை யார் நடத்துகிறார்கள்? எங்கே உட்கார்ந்திருக்கிறார்? எந்த ஆபீசாக இருந்தாலும் பின்னால் ஓர் ஆள் இருப்பான், அவனைப் பார்த்துவிட்டால் ஆபீஸ் புரிந்துவிடும் என்பது என் அனுபவம். மகனிடம் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே என் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். "நைனா, எதுனா உடைஞ்சிருந்தா, அசிங்கமா இருந்தா, போட்டோ எடுத்து இதுல அனுப்பு. நீயே பாரு."

அனுப்பினேன். மாடிப்படியில் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்த விளக்கை அனுப்பினேன். மறுநாள் பளிச்சென்று எரிந்தது. நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல்லை அனுப்பிவிட்டு, யார்தான் வருகிறார்கள் பார்ப்போம் என்று காலையிலேயே கீழே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சின்ன வண்டி வந்தது. இறங்கியவன் நம்மூர்ப் பையன், மன்னார்குடிப் பக்கம். கல்லைப் பதித்தான், படம் எடுத்தான், கிளம்பிவிட்டான். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"யாருபா உன்னை அனுப்பிச்சது?"

"போன்ல வந்துச்சுங்கய்யா."

"போன்ல போட்டது யாரு?"

"அது தெரியாதுங்க. வரும். போவோம்."

"உங்க ஆபீசர பாத்திருக்கியா?"

"எதுக்குங்க பாக்கணும்?" என்றான், அவனுக்கு உண்மையாகவே புரியாமல்.

இதற்கிடையில் என் மனைவிக்கு அந்த ஊரில் ஒரே ஒரு பிடிப்பு உண்டாகியிருந்தது. கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் கொடுத்த முருங்கைக் கிளையை, எங்கள் கட்டடத்துக்குக் கீழே, சுவருக்கும் மழைநீர் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த புல் இடுக்கில் நட்டுவிட்டாள். யாருடைய இடம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற இடம் கண்ணில் பட்டால் எதையாவது நட்டு, நாலு குச்சியை ஊன்றிக் கயிறு கட்டிவிடுவது எங்கள் கைக்கு வந்த பழக்கம்.

அந்த மண்ணுக்கும் மழைக்கும் அது ஆள் உயரத்தைத் தாண்டிப் போனது. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா ஒருநாள் கீரையைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டாள். அவர்களும் அதைச் சமைப்பார்களாம். எதிர்வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொள்கிற பிலிப்பைன்ஸ் பெண், எங்கள் ஊர்க் கீரை என்று சொல்லி நாலு கொத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு நின்றாள். கோழிச் சாறில் போடுவார்களாம். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. சாயங்காலமானால் மூவரும் அந்த மரத்தடியில் கீரை உருவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு எப்போது போகலாம் என்று என் மனைவி கேட்பது நின்றுபோயிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான், வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதை நான் படம் எடுத்து, கொசு வரும் என்று எழுதி அனுப்பினேன். நான் எடுக்கிற படம் எப்போதும் தெளிவாக இருக்கும். மறுநாள் தண்ணீரை வாரிவிட்டு மணல் போட்டு மட்டப்படுத்திவிட்டார்கள். அதோடு, முருங்கை மரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட்டும் போயிருந்தார்கள்.

"இன்னாங்க இது, மரத்துல எதையோ தொங்க உட்டிருக்காங்க" என்று மனைவிதான் முதலில் பார்த்தாள்.

அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் நட்ட மரம், இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்களே எடுப்போம் என்று நாலு மொழியில் எழுதியிருந்தது. நாலில் ஒன்று தமிழ். படிக்கத் தெரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

"உங்கள யாரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது?"

"கொசுவுக்குத்தான எடுத்தேன்."

"கொசு போச்சா? மரமும் போவுது. மரம் போனா நானும் போறேன், டிக்கெட் போட்டுக் குடுங்க."

அவள் வெறும் வாய்க்குச் சொல்கிறவள் இல்லை. வாக்கு வேறு கொடுத்திருந்தோம். அவளை அனுப்பிவிட்டு நான் மட்டும் இருக்க முடியுமா? எனக்கோ அந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. அது தெரியாமல் திரும்பவும் மனசில்லை.

"உன் மரத்த யாரு தொடறாங்கன்னு பாக்கறேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். நல்ல அகலமான மஞ்சள் துணியாகப் பார்த்துச் சுற்றி, அடியில் ஒரு சின்ன விளக்கையும் வைத்தேன். அந்த வழியாகப் போன சீனக் கிழவர் ஒருவர் நின்று கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார். வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியத்துக்குள் ஒரு பெண் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டுப் போனாள். செருப்பைக் கழற்றவில்லை, ஆனால் துணியையும் தொடவில்லை. அதற்கு மறுநாள் பழைய உறைக்குப் பக்கத்தில் இன்னொரு உறை. அனுமதி இல்லாமல் வழிபாட்டு இடம் அமைத்ததற்கு. அதை இன்னொரு துறை பார்க்கிறதாம். முதல் துறை அதை அதற்குரிய இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறது, ஒரே நாளில்.

"ஒரு நோட்டீசு போதாதுன்னு ஜோடி சேத்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "இன்னும் எதுனா துறை பாக்கி இருக்குதா?"

ஊரில் டயர் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு நாற்பது வருஷத்துக் கூட்டாளி. மனசு கேட்காமல் அவனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாபா முதலாளி, சிங்கப்பூரு எப்டி இருக்குது?"

"ஊரு நல்லாத்தான் இருக்குது பாய். ஆனா ஒரு ஆளக்கூட புடிக்க முடியல."

"ஏன், போலீசு வேலையா குடுத்திருக்காங்க?"

"ஆபீசுலபா. எந்த வேலைக்கு யாரு ஆளுன்னே தெரியல. எல்லாம் தானா நடந்துக்கினு இருக்குது."

"தானா நடக்குதுன்னா உனுக்கு அங்க இன்னாபா வேல?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு, மரத்தில் நல்லதாக ஏழெட்டுக் காய் பறித்துக் கட்டாகக் கட்டிக்கொண்டு, முதல் நோட்டீசை அனுப்பிய ஆபீசுக்குப் போனேன். முதல் நாள் முகம் காட்டினால் போதும் என்றுதான் போனேன். அங்கே அதற்கு வழியே இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, "சொல்லுங்க அங்கிள்" என்றாள் ஒரு தமிழ்ப் பெண். என் மகன் வயதுகூட இருக்காது.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"இங்கதான் அங்கிள்."

"தாத்தா ஊரு?"

"தெரியல அங்கிள். மரத்தப் பத்திதான வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா. அந்த மரம் நாங்க நட்டது இல்ல, தானா மொளச்சது."

அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் அனுப்பிய படம்தான். பெரிதாக்கினாள். மரத்தடியில் எங்கள் தண்ணீர் வாளி. பாத்திரமென்றால் பெயர் போட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். வாளியில் எங்கள் வீட்டு எண், சிவப்புப் பெயிண்டில், இரண்டு பக்கமும்.

"இந்த வாளி யாரோடது அங்கிள்?"

"எங்களோடதுதான்."

அவள் சிரிக்கவில்லை. அதுவே ஒரு மரியாதை என்று எனக்குப் பட்டது. வேர் எப்படி வாய்க்கால் சுவரைத் தள்ளும், சுவர் விரிந்தால் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினாள். "கொசு வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே அங்கிள்" என்றாள்.

"இங்க பெரிய ஆபீசர் யாரும்மா? அவர பாக்கணும்."

"அவரும் இதத்தான் சொல்வாரு. கூப்பிடவா?"

என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆபீசரைப் பார்க்க எத்தனை வாசலில் நின்றிருப்பேன். இங்கே நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே அவர் வந்துவிட்டார். சீனர், குள்ளமாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. எதிரில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள். அதையேதான் சொன்னார். சுலபமாகப் பார்க்க முடிகிற பெரியவரால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. யார் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார் போலிருக்கிறது. அது எனக்குக் கோபமாக இல்லை, விநோதமாக இருந்தது.

கடைசியாகக் காய்க்கட்டை மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"வாங்கக் கூடாது அங்கிள்."

"காய்தாம்மா. சாம்பாருக்கு."

"காயும்தான் அங்கிள். தப்பா நினைக்காதீங்க. பாக்க நல்லா இருக்கு." பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு சொன்னாள்: "பின்னாடி பிளாக்ல குடியிருக்கிறவங்க தோட்டம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பாத்தி காலியா இருக்கு. ஆன்ட்டிக்கு வேணும்னா பதிஞ்சு தரேன்."

"எனக்கு மரம் வேணும்மா, பாத்தி வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்த காரியம் ஒன்று, கையில் கொடுப்பது ஒன்று என்றால் வாங்கிக்கொண்டு வருகிறவன் நானில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "இன்னா பாத்தி? எவ்ளோ பெருசு?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்கவில்லை என்றேன். நோட்டீசை வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியையும் விளக்கையும் அவளே கீழே போய் எடுத்து வந்துவிட்டாள். டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை என்பதே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் ரம்பத்தோடு வந்தார்கள். வந்தவன் அதே மன்னார்குடிப் பையன். ஊர்க்காரன், கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் என் மனைவி நனைத்த சாக்கோடு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மலாய்க்கார அம்மாவும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் கூட. படுத்து மறிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் திக்கென்றது.

"தம்பி, கொஞ்சம் இருபா. வெட்டாத" என்றேன்.

"கிளையெல்லாம் நாலடியா வெட்டி அம்மாகிட்ட குடுக்கச் சொல்லி ஆர்டர்லயே வந்திருக்குங்கய்யா" என்றான் அவன். போனைக் காட்டினான். "மரம் அரைக்கிற மிஷின்ல போடக்கூடாதுன்னு."

"யாரு சொன்னது அப்படி?"

"அம்மாதான் கேட்டாங்களாம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கிளைகளை எண்ணி வாங்கிச் சாக்கில் சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள். இவள் காஞ்சிபுரத்தில் ரேஷன் கடைக்குத் தவிர ஓர் ஆபீஸ் படி ஏறியதில்லை. ஏற வேண்டிய அவசியத்தை நான் வைத்ததில்லை.

"யாருகிட்ட பேசுன?"

"அந்தப் பொண்ணுகிட்டதான். நோட்டீசுல நம்பர் இருந்துச்சு. தமிழுக்கு எதையோ அழுத்துன்னு சொல்லுச்சு, அழுத்தினேன்."

"இன்னா சொன்ன?"

"மரம் போவட்டும், கிளைய குடுப்பீங்களான்னு கேட்டேன். குடுப்போம்னுச்சு. பாத்தி இருக்குதான்னு கேட்டேன். இருக்குதுன்னுச்சு."

"ஊரு கேட்டியா?"

"எதுக்கு?" என்றாள்.

சாக்கின் ஒரு முனையை நான் பிடித்துக் கொடுத்தேன்.

மரம் சாய்வதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்துவிட்டாள். பாத்தி ஓரத்தில் ஒரு சின்னப் பலகை ஊன்றியிருந்தது. அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது. வேன், வீடு, மீட்டர், காஸ், எங்கள் வீட்டில் எழுத்தில் இருப்பதெல்லாம் என் பெயரில்தான். அந்தப் பலகையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "நின்னுக்கினே இருந்தா எப்டி, குழி தோண்டுங்க" என்றாள். தோண்டினேன். குழி தோண்டுவதில் என்னை அடிக்க அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது; சுற்றி நின்றவர்களே பார்த்து வாய்பிளந்தார்கள். ஐந்து கிளை நட்டோம். தண்ணீர் படாமலிருக்க நுனியில் சாணிக்குப் பதில் களிமண்ணை அப்பினாள்.

இப்போது உறவில் ஒரு கல்யாணத்துக்காகச் செவிலிமேட்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்புகிற டிக்கெட்டை முன்னால் தள்ள முடியுமா என்று மகனிடம் அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் பிலிப்பைன்ஸ் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஐந்தில் மூன்று துளிர்த்துவிட்டது. மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டும் ஏன் வரல?"

"தண்ணி ஜாஸ்தியா ஊத்தறாங்களோ இன்னாவோ" என்றேன்.

"கேட்டாத்தான தெரியும்" என்று போனைப் போட்டாள். பாதி தமிழ், பாதி அவர்கள் மூவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு பேச்சு. கைலி முனையை மடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், எப்படித்தான் கேட்கிறாள் பார்ப்போம் என்று.